விளிம்பில் ஓர் எண்

மதிப்பெண்ணின் மீது ஒரு மாணவர் எழுப்பும் முறையீடு, அடிப்படையில், ‘எழுதியதை எப்படிப் படித்தீர்கள்’ என்னும் கேள்விதான். மும்பைப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை. கூட்டல் சரிதானா, ஏதேனும் ஒரு விடை திருத்தப்படாமல் விடுபட்டதா, இன்னொருவர் படித்தால் எத்தனை தருவார் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் வழி உண்டு. முதலிரண்டும் சரிபார்ப்பு, மூன்றாவது மறுமதிப்பீடு, மாணவர் வாயில் ‘ரீவேல்’. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரியர் எனப்படுவது இங்கே கே.டி. தோற்ற பாடத்தைச் சுமந்துகொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்ற அனுமதியைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டு மட்டும் தங்கி, அனுமதியின் பெயரே தோல்வியின் பெயராகிவிட்டது. தாராவியின் திருநெல்வேலிப் பேச்சில் அது ‘ரெண்டு கே.டி. விழுந்துட்டு’ என்று வரும். மதிப்பெண்ணுக்குத் தமிழ் வைத்திருக்கும் வினைச்சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு மனநிலை தெரியும். நல்ல மார்க்கை மாணவர் எடுக்கிறார் அல்லது வாங்குகிறார். சுமாரான மார்க்கை ஆசிரியர் போடுகிறார். தோல்வி, ஓட்டிலிருந்து ஒழுகும் மழைபோல, யாரும் தராமலே விழுகிறது. முறையீடு செய்பவர் இந்தக் கடைசி வினைச்சொல்லை மாற்ற முயல்கிறார். விழவில்லை, யாரோ போட்டார். அந்த யாரோ யார் என்பது அவர் கேட்பது. அதற்கு மட்டும் பதில் வருவதில்லை என்பதுதான் இந்த நடைமுறையைப் பற்றிச் சிந்திக்கும் எவரையும் நெடுநாள் உறுத்திக்கொண்டிருக்கக்கூடிய விஷயம்.

மதிப்பெண் ஓர் அளவைபோலத் தோற்றமளிக்கிறது. துணிக்கடையின் மீட்டர்கோலையும் மீன்சந்தையின் தராசையும் போல, எண் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்ற நம்பிக்கை அதற்கு உண்டு. ஆனால் மும்பைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலே அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறது. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் சில குறிகளுக்கு விளக்கம் இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறி ஒரு மதிப்பெண்ணின் பக்கத்தில் நின்றால், தேறுவதற்கோ வகுப்பு உயர்வதற்கோ சில மதிப்பெண்கள் கருணையாகச் சேர்க்கப்பட்டன என்று பொருள். ‘ஹாஷ்’ குறி 229ஏ என்னும் விதியைச் சுட்டும். நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு போன்றவற்றுக்கான சலுகை அது. ஓரிரண்டில் தவறியவரைக் கைதூக்கிவிடும் இந்த ஏற்பாடு மனிதத்தன்மை கொண்டது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் எண் வளையக்கூடியது என்பதை நிறுவனமே அச்சிட்டுத் தருகிறது என்பதை மாணவர் கவனிக்காமல் இல்லை. மூன்று மதிப்பெண் குறைந்தால் கருணை உண்டு. பதினொன்று குறைந்தால் கருணையின் எல்லை முடிந்து முறையீட்டின் எல்லை தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ, எழுதப்பட்ட விடை என்ற ஒன்று கிடக்கிறது.

முறையீட்டின் முதற்படி அந்த விடையைத் திரும்பப் பார்ப்பது. விண்ணப்பித்து, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, விடைத்தாளின் நகலைப் பெறவேண்டும். தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டி, பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்தால் கலினா; அங்கே வித்யாநகரி வளாகத்துக்குள் தேர்வுத்துறையின் மகாத்மா ஜோதிராவ் புலே பவன். மாட்டுங்காவிலிருந்து வருபவர் குர்லாவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பார். செம்பூரிலிருந்து வருபவருக்கு 2014இல் திறந்த சாந்தாகுரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலை இருக்கிறது. கோடைத் தேர்வின் முடிவுகள் மழைக்காலத்தில் வருவதால், நகலும் பட்டியலும் பிளாஸ்டிக் உறைக்குள், உறை பைக்குள், பை குடைக்குள் என்றுதான் பயணப்படும். கையில் கிடைத்ததும் மாணவருக்கு முதலில் ஏற்படுவது கோபமல்ல, ஒருவிதக் கூச்சம். மூன்று மணி நேர அவசரத்தில் எழுதிய தன் கையெழுத்தைத் தானே அடையாளம் காணச் சற்றுநேரம் பிடிக்கிறது. காகிதத்திலேயே திருத்திய தாளின் கறுப்பு வெள்ளை நகலில் ஆசிரியரின் சிவப்பு மையும் மாணவரின் நீல மையும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்திருக்கும். எது எழுத்து, எது தீர்ப்பு என்று பிரித்தறிய வேண்டும். விளிம்பில் 4, 3, 5½ என்று எண்கள். சில பக்கங்களில் ஒரு நீண்ட சரிவுக்கோடு, பக்கம் பார்க்கப்பட்டதற்கான அடையாளமாக. சொற்கள் பெரும்பாலும் இல்லை. பத்துக்கு நான்கு என்றால் மிச்சம் ஆறு எங்கே போயிற்று, எந்த வரியில் விடை தடம் மாறிற்று என்பதற்கு விளிம்பில் ஒரு சொல் இருந்திருந்தால் பாதி முறையீடுகள் அந்த இடத்திலேயே அமைதியடைந்திருக்கும். நகலைப் பெற்ற மாணவர் தாளைக் கொண்டுபோய்க் காட்டுவது தனக்குப் பாடம் நடத்திய ஆசிரியரிடம்தான். அவர் படித்துவிட்டு ‘இதற்கு ஆறு தரலாம்’ என்பார். அது ஒரு சான்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மறுமதிப்பீட்டுக்கான பணம் கட்டப்படுகிறது.

விடைத்தாளைக் கண்ணால் பார்ப்பதே ஓர் உரிமையாகப் பல பத்தாண்டுகள் எடுத்தன. அந்த வழக்கு வரலாற்றில் பம்பாய்க்கு முக்கியமான இடம் உண்டு. 1980இல் மகாராஷ்டிர மாநில வாரியத்தின் தேர்வை எழுதிய மாணவர்கள், வாரியத்தின் 104ஆம் விதியை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கூட்டலைச் சரிபார்க்கக் கேட்கலாம், விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கோரவோ கூடாது என்பது அந்த விதி. உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. 1984 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி பாலகிருஷ்ண ஏராடி எழுதிய தீர்ப்பில், அதை மாற்றியது. விடையை மதிப்பிடும் செயலில் பங்கெடுக்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு இல்லை, இயற்கை நீதிக் கோட்பாடு அவ்வளவு தூரம் நீளாது, லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வின் முடிவு ஒரு கட்டத்தில் முடிந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறைக் காரணங்கள் வலுவானவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ‘முடிந்தாக வேண்டும்’ என்பதும் ‘சரியாக இருக்கிறது’ என்பதும் வேறு வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை நிரப்பும் பழக்கம் தேர்வுத்துறைகளுக்கு அத்தீர்ப்புக்கு முன்பே இருந்தது, பின்னரும் இருந்தது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று, கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு நிலைமையைத் திருப்பியது. விடைத்தாள் ஒரு தகவல். அதில் திருத்தியவர் இட்ட மதிப்பெண் அவருடைய கருத்து, அதுவும் தகவல். எழுதியவர் அதைப் பார்க்கலாம். மதிப்பெண்ணை ‘கருத்து’ என்று ஓர் உயர்ந்த மன்றம் அழைத்ததை இன்னும் யாரும் போதிய அளவு நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. கருத்து என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருக்கவேண்டும், காரணம் இருக்கவேண்டும், மாற்றுக்கருத்தும் இருக்கலாம். அதே தீர்ப்பு, திருத்தியவரின் பெயரும் கையொப்பமும் மறைக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. அதிருப்தியுற்ற மாணவரால் அவருக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சம் காரணம். அது பொய்யான அச்சமும் அல்ல. ஆக, கருத்து வெளியே வந்தது, கருத்துக்குரியவர் உள்ளேயே இருந்துவிட்டார். 2017 டிசம்பர் 11 அன்று, உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி மதன் லோகூர், மறுமதிப்பீட்டுக்கு விதி இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் மிக அரிதாகவே தலையிடவேண்டும், இரக்கத்துக்கு அங்கே இடமில்லை என்று எழுதினார்.

மறைக்கப்பட்ட அந்த மனிதரின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். மும்பையில் விடைத்தாள் திருத்தும் மையத்துக்கு ஆசிரியர்களிடையே ‘கேப்’ என்று பெயர். மத்திய மதிப்பீட்டுத் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கல்லூரியில் வகுப்பை முடித்துவிட்டு, அல்லது விடுமுறையை விட்டுவிட்டு, ஆசிரியர் அங்கே போகிறார். காகிதத்தில் திருத்துவதானால், எண் மறைக்கப்பட்ட தாள்களின் கட்டு மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. ஒரே கேள்விக்கான ஐம்பது விடைகள், எல்லாம் ஒரே வழிகாட்டி நூலிலிருந்து. அவற்றின் நடுவே ஐம்பத்தொன்றாவதாக ஒருவர் தன் சொந்தச் சொற்களில் எழுதியிருந்தால், அவருக்கு அது வரமாகவும் முடியலாம், சாபமாகவும் முடியலாம். வாசிப்பவர் அந்நேரம் எந்த அளவு களைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தாளுக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம். முதல் தாளுக்குக் காட்டிய பொறுமை நாற்பதாவது தாளுக்கு வராது என்பதும், மிக மோசமான ஒரு தாளுக்கு அடுத்து வரும் சாதாரணத் தாள் நல்லதாகத் தெரியும் என்பதும் திருத்தியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனசாட்சியுள்ள ஆசிரியர்கள் கட்டு முடிந்ததும் முதல் நாலைந்து தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுண்டு. நல்ல பழக்கம் அது. ஆனால் எந்த விதிப்புத்தகமும் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

இந்தத் தடுமாற்றம் மும்பைக்குரியது அல்ல, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1888இல் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் தேர்வுகளின் புள்ளியியல் பற்றி எழுதியபோது, ஒரே லத்தீன் உரைநடைப் பயிற்சியை 28 தேர்ந்த ஆசிரியர்களிடம் கொடுத்துப் பெற்ற மதிப்பெண்கள் 45இலிருந்து 100 வரை விரிந்து கிடந்ததைக் காட்டினார். 1912, 1913 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் பள்ளித் தாள்களைக் கொண்டு செய்த சோதனைகளும் அப்படியே முடிந்தன. வடிவகணிதத் தாள்கூட விதிவிலக்காகவில்லை. 1935இல் வெளியான ஹார்ட்டாக், ரோட்ஸ் ஆய்வுதான் அதிகம் கலங்கச்செய்வது. ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்றுத் தாள்களை 14 ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அதே ஆசிரியர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல், தேர்ச்சியா தோல்வியா சிறப்புத் தேர்ச்சியா என்ற முடிவே முன்னதற்கு மாறாக வந்தது. அதாவது ஆசிரியர் மற்ற ஆசிரியரோடு மட்டுமல்ல, தன்னோடேயே உடன்படவில்லை. பிலிப் ஹார்ட்டாக் இந்தியாவுக்கு அந்நியரும் அல்லர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், 1929இல் இந்தியக் கல்வி பற்றிய அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர். மும்பைக்குத் திரும்பினால், லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு 1857 ஜூலை 18 அன்று நிறுவப்பட்ட பம்பாய்ப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடமாக அன்றித் தேர்வு நடத்திப் பட்டம் தரும் இடமாகவே இயங்கியது. 1862இல் முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் நால்வர். ரானடேயும் பண்டார்க்கரும் அவர்களில் இருவர். நால்வரின் தாள்களை ஓர் ஆசிரியர் மாலை முழுக்க வைத்துப் படிக்கலாம். அந்த அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டையை, ஏழு மாவட்டங்களின் எழுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு இன்றும் உடுத்திவிடுகிறார்கள்.

2017ஆம் ஆண்டு அந்தச் சட்டை கிழிந்தது. அவ்வாண்டின் கோடைத் தேர்வுகள் 477. விடைத்தாள்கள் 17 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கணினித் திரையில் திருத்துவதென்று துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் தலைமையிலான நிர்வாகம் முடிவெடுத்தது. தேர்வுகள் தொடங்கிய பிறகே அதற்கான நிறுவனம் முடிவானது. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டம் 30 நாளில், எப்படியும் 45 நாளுக்குள், முடிவுகள் வரவேண்டும் என்கிறது. ஜூன் போயிற்று. வேந்தரான ஆளுநர் வித்யாசாகர் ராவ் ஜூலை 31 என்று கெடு வைத்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் யாரை முதலமைச்சராகப் பதவியேற்க அழைப்பார் என்று தமிழ்நாடு காத்திருந்ததும் அவருக்காகத்தான். இரு மாநிலங்களின் பொறுப்பும் அப்போது அவரிடம் இருந்தது. ஜூலையில் திருத்தும் பணிக்காக வகுப்புகள் சில நாள் நிறுத்தப்பட்டன. கெடுவும் தாண்டிற்று. ஆகஸ்டில் துணைவேந்தர் விடுப்பில் அனுப்பப்பட்டார். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் தேவானந்த் ஷிண்டே பொறுப்பேற்றார். செப்டம்பரில்தான் கடைசி முடிவுகள் வந்தன. அக்டோபர் 24 அன்று தேஷ்முக் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 2018 ஏப்ரலில் மாட்டுங்கா ரூயா கல்லூரியின் முதல்வர் சுஹாஸ் பெட்னேகர் துணைவேந்தரானார்.

இந்தத் தேதிகளுக்குள் அடங்காத ஒன்று அவ்வாண்டு நடந்தது. முடிவு வந்தபோது தேர்வெழுதியவர்கள் சிலர் ‘வரவில்லை’ என்று பதிவாகியிருந்தார்கள். நகல் கேட்டவர்கள் சிலருக்கு வேறொருவரின் கையெழுத்து வந்தது. பட்டைக்குறி ஒட்டியதில், ஸ்கேன் செய்ததில், கூடுதல் தாள்களை முதன்மைத் தாளோடு இணைத்ததில் எங்கெங்கோ கண்ணி அறுந்திருந்தது. தேடியும் கிடைக்காத விடைத்தாள்களுக்கு, அந்த மாணவர் மற்றப் பாடங்களில் எடுத்ததை வைத்துச் சராசரி மதிப்பெண் தரப்பட்டது. நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை. ஓராண்டைப் பறிப்பதைவிட அது மேல். ஆனாலும் அந்தச் சராசரி மதிப்பெண்ணைத்தான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. யாரும் படிக்காத விடைக்கு வந்த எண் அது. பட்டியலில் அது மற்ற எண்களோடு ஒரே எழுத்துருவில், ஒரே கட்டத்துக்குள், எந்தக் கூச்சமுமின்றி உட்கார்ந்திருக்கும். வேலைக்கு எடுப்பவரோ மேற்படிப்புக்குச் சேர்ப்பவரோ அதற்கும் படிக்கப்பட்ட விடையின் மதிப்பெண்ணுக்கும் வேறுபாடு காணமாட்டார். படிக்காமலே ஒரு மதிப்பெண்ணை இவ்வளவு நம்பும்படி உருவாக்க முடியுமென்றால், படித்துப் போட்ட மதிப்பெண்ணின் நம்பகம் எதிலிருந்து வருகிறது? அப்பருவத்தில் மறுமதிப்பீடு கேட்டவர்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள்; அதற்குள் அடுத்த பருவத் தேர்வு வந்துவிட்டது. கே.டி. உண்மையிலேயே உண்டா என்று தெரியாமல் அதே பாடத்துக்கு மறுபடி படித்து எழுதியவர்களின் மனநிலைக்கு எந்தப் படிவத்திலும் பத்தி இல்லை.

மாணவரின் சந்தேகத்தை மனப்பிராந்தி என்று தள்ளுவதற்கில்லை. அதற்குக் காரணமாக இந்நகரத்தில் பழைய நினைவொன்று இருக்கிறது. 1985இல் நடந்த பம்பாய்ப் பல்கலைக்கழக எம்.டி. தேர்வில், முதலமைச்சர் சிவாஜிராவ் பாட்டீல் நிலங்கேக்கரின் மகள் தேறும்படி மதிப்பெண்கள் திருத்தப்பட்டன என்று அதே தேர்வை எழுதிய ஒரு மருத்துவர் வழக்குத் தொடுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கடுமையான கருத்துகளுக்குப் பின் 1986 மார்ச்சில் முதலமைச்சர் பதவி விலகினார். ஒரு தேர்வு மதிப்பெண்ணால் ஒரு மாநில அரசின் தலைமை மாறியது. மறுமதிப்பீடே இன்னொரு கதவாகும் ஆபத்தும் உண்டு என்பதைத் தமிழ்நாடு 2018இல் கண்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வுகளுக்குப் பின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீடு கேட்டதில், 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சியடைந்தனர். பணம் கைமாறியதாக ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்த எண்ணிக்கையின் முன்னால் ஒருவர் இரு பக்கமும் இழுபடுகிறார். முறைகேடு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. முறைகேடே இல்லாத தாள்களில் எத்தனை முதல் வாசிப்பில் அநியாயமாகத் தோற்றவை என்பது இன்னொரு கேள்வி. வழக்கு முன்னதைத்தான் கேட்கும். பின்னதைக் கேட்க ஆளில்லை. நேர்மையாகப் பதினைந்து மதிப்பெண் உயர்ந்த ஒரு மாணவரும் அவ்வாண்டு முதல் தன் தேர்ச்சியைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஆசிரியரை நேரில் கண்டு மதிப்பெண்ணைக் கேட்பது என்பது வேறொரு களத்தில் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. அது உள்மதிப்பீடு. மும்பையில் அதன் பங்கு 40க்கும் 25க்கும் இடையே பலமுறை மாறியிருக்கிறது. செய்முறைத் தேர்வு, புராஜெக்ட், வகுப்புத் தேர்வு, வைவா ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுபவர் முகம் தெரிந்தவர்; நாளை காலையும் வகுப்புக்கு வருபவர். அங்கே படிவம் தேவையில்லை, ஆசிரியர் அறைக் கதவருகில் நின்று ‘சார், ஒரு நிமிஷம்’ என்றால் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெயர் தெரியாதவரை எதிர்த்துப் பணம் கட்டி விண்ணப்பம் போடும் அதே மாணவர், பெயர் தெரிந்தவரின் முன் வாயடைத்து நிற்கிறார். அடுத்த பருவமும் அவரிடம்தான். பரிந்துரைக் கடிதம் அவரிடம்தான். கேட்டால் ‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்றாகிவிடுமோ என்ற அச்சம் வேறு. குருவின் சொல்லுக்கு மறுசொல் கூடாது என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, கேள்வியையும் அவமதிப்பையும் பிரிக்கும் கோடு மிக மெல்லியது. அந்தக் கோட்டை அகலமாக்கித் தரவேண்டியவர் ஆசிரியர். தாளை விரித்துவைத்து, ‘இந்த இடத்தில் காரணம் சொல்லவில்லை, அதனால் இரண்டு குறைந்தது’ என்று காட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வெளியே வரும் மாணவரின் மதிப்பெண் பெரும்பாலும் மாறியிருக்காது. முகம் மாறியிருக்கும்.

கேட்கத் தெரிவதும் சமமாகப் பங்கிடப்படவில்லை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் பள்ளி தொடங்கிய மாட்டுங்காவில், வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஓர் ஆசிரியரோ கணக்காளரோ இருப்பார். எந்த விதி, எத்தனை நாளுக்குள், யாருக்கு எழுதவேண்டும் என்று சொல்வார். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை படிக்கும் தாராவியில், பட்டப்படிப்புக்குள் நுழைந்த முதல் ஆளே முறையீடு என்ற சொல்லையும் முதலில் கற்கவேண்டியிருக்கிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கிய பிள்ளை, சயானிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கல்லூரிக்குள் வரும்போது ஆங்கிலத்தில் எழுதுகிறது. தமிழில் தேர்வெழுத வழியில்லை. எண்ணம் தமிழில் ஓடும். விடை ஒரு விஷயத்தைச் சுற்றிவந்து, எடுத்துக்காட்டு சொல்லி, கடைசியில் கருத்துக்கு வரும். திருத்துபவரின் கண்ணோ முதல் வரியில் வரையறையையும் அடிக்கோடிட்ட தலைப்புகளையும் எண்ணிட்ட பாயிண்ட்டுகளையும் தேடும். விஷயம் தெரியாததால் குறைந்த மதிப்பெண்ணா, விஷயத்துக்கு வரும் பாதை பழக்கமில்லாததால் குறைந்ததா என்பதை விளிம்பிலுள்ள 4 என்ற எண் சொல்லாது. மறுமதிப்பீட்டில் வரும் இரண்டாவது வாசகரும் அதே பாதையில் பழகியவர். ஆகவே அவர் தரும் மதிப்பெண் முதலாவதோடு ஒத்துப்போனால், அது முதல் மதிப்பெண்ணின் நியாயத்தை எவ்வளவு தூரம் நிரூபிக்கிறது என்பது தீராத ஐயம். ஒத்துப்போகாவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் மூன்றாமவரிடம் போகிறது. மூவரில் எவர் சரியாகப் படித்தார் என்று முடிவு செய்ய நான்காமவர் இல்லை. கணக்கு ஏதோ ஓரிடத்தில் நிறுத்தப்படுகிறது.

மறுமதிப்பீட்டின் முடிவு ஒரு வரியில் வரும்: மாற்றமில்லை, அல்லது புதிய எண். அதோடும் காரணம் வருவதில்லை. உயர்ந்தவர் மகிழ்ச்சியில் கேட்பதில்லை. உயராதவர் களைப்பில் கேட்பதில்லை. கட்டிய பணத்துக்கும் அலைந்த நாள்களுக்கும் ஈடாக அவரிடம் மிஞ்சுவது அந்த நகல் மட்டுமே. மூலத் தாளுக்கு ஆயுள் குறைவு. தேர்வு அமைப்புகள் விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருக்கும். 2011 வழக்கில் வந்த வாரியத்துக்கு அது அப்போது மூன்று மாதம். பார்க்கும் உரிமை தாள் இருக்கும்வரைதான் என்று அத்தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. காலம் முடிந்ததும் கட்டுகள் பிரிக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. அதற்குப் பிறகு அந்த மூன்று மணி நேரத்தில் என்ன எழுதப்பட்டது என்பதற்கு, நகல் கேட்டவரின் வீட்டில், பரணில், ரேஷன் அட்டையும் சாதிச் சான்றிதழும் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் சாம்பல் நிறப் பக்கங்கள் மட்டும் சாட்சி. கேட்காதவர்களுக்கு அதுவும் இல்லை.